மலைச்சாலையில் பாறை கிடந்தால்: தகவல் சொல்வதில் நாம் சொதப்பும் இடங்கள்

போன மழைக்காலத்தில் ஒரு விடிகாலை, தேனியிலிருந்து கேரளாவுக்குப் போகும் போடிமெட்டு மலைச்சாலையில் ஏறும்போது ரோட்டின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு ஒரு பாறை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஏழெட்டு வரிசையாக நிற்க, நாங்கள் ஆளாளுக்குப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தோம், நானும்தான். அரை மணி கழித்து ஒரு டிரைவர் அண்ணன் கேட்டார், "சரி, ஹைவேஸ் ஆபீசுக்கு யாராச்சும் சொன்னீங்களா?" ஒருத்தரும் சொல்லியிருக்கவில்லை. குரூப்பில் போட்டால் ஊருக்குத் தெரியும், ஜேசிபி வராது.

அப்புறம் போன் போட்டவரும் "போடிமெட்டு ரோட்டுல பாறை" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள், எதில் என்று தேடுவது? வளைவின் எண்ணைச் சொல்லுங்கள், இல்லையென்றால் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். பஸ் போக இடம் இருக்கிறதா, பைக் மட்டும்தானா என்பதும் வேண்டும். படத்தில் பாறை மட்டும் தெரிந்தால் பிரயோஜனமில்லை, பக்கத்தில் ஒரு ஜீப்பும் தெரிந்தால்தான் அளவு புரியும்.

யாரிடம் சொல்வது என்பதில்தான் எல்லையோரத்துக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறோம். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, 1033 அதற்கானது. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. காட்டுப்பாதை என்றால் வனச்சரக அலுவலகம். கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டம், ஜீப் ஏறுவதோ இடுக்கியின் சூரியநெல்லியிலிருந்து, ஆக மரம் எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியாமல் போன் போட்டால் "அது அவங்க ஏரியா" என்று இரண்டு பக்கமும் தள்ளிவிடுவார்கள். மெட்டு நெருங்க நெருங்க போன் கேரளா டவருக்குத் தாவும், 112 அடித்தால் மறுமுனையில் மலையாளம் கேட்கலாம். பதறாமல் மாவட்டத்தின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள். பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கான 1077 இரண்டு மாநிலத்திலும் உண்டு, ஆனால் செல்போனில் முன்னால் எஸ்டிடி கோடு சேர்க்க வேண்டும், தேனிக்கு 04546, இடுக்கிக்கு 04862.

2018 மார்ச்சில் நடந்த குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற அனுமதியில் கெடுபிடி அதிகம், அதனாலேயே அனுமதியில்லாமல் ஏறியவர்கள் பாதை சரிந்ததைப் பார்த்தாலும் வாயைத் திறப்பதில்லை. ஏறியது தப்புதான், சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய தப்பு.

கூடி நின்று பாறையைப் புரட்டுவதும் வேண்டாம், மழையில் ஊறிய மேட்டிலிருந்து அடுத்தது எப்போது உருளும் என்று யாருக்கும் தெரியாது. மரத்தோடு கம்பியும் அறுந்து கிடந்தால் கிட்டவே போகாதீர்கள், தமிழ்நாட்டுப் பக்கம் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

பனிச்சறுக்கு மலைகளில் யாராவது விழுந்து கிடந்தால், மேலிருந்து வருபவர் கண்ணில் படும்படி இரண்டு சறுக்குப் பலகைகளைக் குறுக்கே எக்ஸ் போல நட்டு வைப்பார்களாம். முன்னால் தடை இருக்கிறது என்று காட்ட நம் டிரைவர்கள் ரோட்டில் வைக்கும் மரக்கிளையும் அதே வேலையைத்தான் செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், பலகையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அன்றைக்குப் பாறையை எடுத்த பிறகும் ஜீப் டயருக்கு அண்டக் கொடுத்த கற்கள் ரோட்டிலேயே கிடந்தன. சாயங்காலம் இறங்கும்போது அதில் ஒன்றில்தான் என் பைக் ஏறியது.