ரோமின் அக்வா விர்கோ கால்வாயைத் தேடிக் காண்பது எப்படி?

அக்வா விர்கோவைக் காண விரும்புவோர் வானளாவிய வளைவுகளைத் தேட வேண்டாம், நகருக்கு நீர் கொண்டுவர கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா அமைத்த, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாய் பெரும்பாலும் நிலத்தடியிலேயே செல்கிறது. முதலில் நசரேனோ தெருவுக்குச் செல்லுங்கள். அங்கே தெருமட்டத்துக்குக் கீழே பாதி புதைந்து நிற்கும் கல் வளைவுகளின் மேல், தமக்கு முன் ஆண்ட பேரரசர் கலிகுலா சிதைத்தவற்றைத் தாம் புதிதாகக் கட்டியதாகப் பேரரசர் கிளாடியஸ் பொறித்த கல்வெட்டை நிதானமாகப் பாருங்கள். முன்னவரைக் குறை கூறும் அரசியல் அன்றும் இருந்திருக்கிறது. பிறகு சில நிமிட நடையில், இக்கால்வாயின் நீரைப் பெறும் திரேவி நீரூற்றை அடையலாம். 537இல் கோத்தியர் என்னும் ஜெர்மானிய இனத்தார் ரோமை முற்றுகையிட்டபோது நகரின் கால்வாய்கள் துண்டிக்கப்பட்டன. ஆயினும் நிலத்தடியில் இருந்ததால் அக்வா விர்கோ முற்றிலும் அழியவில்லை. 1453இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் இதைச் செப்பனிட்டார். இப்போதுள்ள நீரூற்று 1762இல் நிறைவடைந்தது. கூட்டம் சேருமுன் அதிகாலையில் செல்வது நல்லது.