பெய்ஜிங் அரண்மனை: குழந்தைகளோடு ஒரு நாள்

தடை செய்யப்பட்ட நகரம் என்று அழைக்கப்படும் இந்தப் பழைய பேரரசர் அரண்மனைக்கு வாசலில் போய் டிக்கெட் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். பயண நாளுக்கு 7 நாள் முன்பு, பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்கு (நமக்கு மாலை 5.30) ஆன்லைனில் முன்பதிவு திறக்கும், விடுமுறைக் காலத்தில் சட்டென்று தீர்ந்துவிடும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அவர்கள் பெயரிலும் பதிவு கட்டாயம். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் நுழைவாயிலில் சிக்கல்தான். அசல் பாஸ்போர்ட்டையே கொண்டுபோங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

பணம் செலுத்தும் செயலியான அலிபேயில் உங்கள் கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். கூகுள் மேப், வாட்ஸப் அங்குள்ள வைஃபையில் வேலை செய்யாது. பையில் டிஷ்யூ அவசியம். பல கழிப்பறைகளில் இருக்காது.

தெற்கே வூமென் வாசலில் நுழைந்து வடக்கு அல்லது கிழக்கு வாசலில் வெளியேற வேண்டும், நுழைந்த வழியே திரும்பி வர முடியாது. வாசற்படிகள் உயரம், ஆகவே தள்ளுவண்டி வேண்டாம்.

கட்டடங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். எண்ணச் சொல்லுங்கள்! தைஹெதியன் மண்டபக் கூரையின் மூலையைப் பாருங்கள்: முன்னால் பறவைமேல் ஒரு மனிதன், பின்னால் வரிசையாக 10 விலங்குகள். பத்து இருப்பது அந்த ஒரு கூரையில்தான். அருகே நிற்கும் பெரிய உலோக அண்டாக்கள் தீயணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தவை. குளிர்காலத்தில் நீர் உறையாதிருக்க அடியில் நெருப்பு மூட்டினார்கள். குனிந்து பார்த்தால் அந்த இடம் தெரியும்.

வடக்கு வாசலில் வெளியே வந்ததும் எதிரில் ஜிங்ஷான் குன்று. கால் வலித்தாலும் ஏறுங்கள். நடந்து வந்த அரண்மனை முழுவதும் மஞ்சள் கூரைகளாகக் கீழே விரியும்.