ஒலி கெட்டால் உடனே சவுண்ட் கார்டு வாங்காதீர்கள்: கணினிக்கு ஸ்பீக்கரும் ஹெட்போனும் தேர்வதில் நேரும் தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் வாடகை வீடு மாறியபோது, என் மடிக்கணினியோடு இணைத்திருந்த மேசை ஸ்பீக்கரில் ஓர் உறுமல் புதிதாகக் குடியேறியது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அடங்கிக் கிடக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைக்கும் நான்கு நொடி இடைவெளியில் ‘ம்ம்ம்’ என்று தலையெடுக்கும். மடிக்கணினியின் உள்ளே இருக்கும் சவுண்ட் கார்டுதான் (கணினியின் தரவை ஒலியாக மாற்றித் தரும் பகுதி) பழுதாகிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் யூஎஸ்பியில் செருகும் வெளிச் சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கி வந்து இணைத்தேன். உறுமல் அப்படியே இருந்தது. ஒரு வாரம் கழித்து, மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கைபேசியைச் செருகியபோது உறுமல் சட்டென்று நின்றது. சார்ஜரை மறுபடி செருகினேன், திரும்பி வந்தது. மடிக்கணினியின் உலோக மேற்பரப்பில் உள்ளங்கையைப் பதித்தேன், பாதியாகக் குறைந்தது. மின்பணியாளர் வந்து சுவர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தபோது, மூன்று துளைகள் உள்ள சாக்கெட்டில் எர்த் முனைக்கு ஒயரே போடாமல் விட்டிருந்தது தெரிந்தது.

நடந்தது இதுதான். மடிக்கணினி சார்ஜரின் உள்ளே, மின்காந்தக் குறுக்கீட்டை வடிகட்டுவதற்காக, வீட்டு மின்சாரப் பக்கத்துக்கும் கணினிப் பக்கத்துக்கும் இடையே சிறு மின்தேக்கி ஒன்றை வைத்திருப்பார்கள். அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால், ஸ்பீக்கருக்குப் போகும் ஆடியோ ஒயரின் வெளியுறை வழியாகத் தனக்கு வேறு பாதை தேடிக்கொள்ளும். மடிக்கணினியைத் தொடும்போது விரலில் மெல்லிய குறுகுறுப்பு தெரிவதும் இதனால்தான். நான் வாங்கிய சவுண்ட் கார்டோ அதே மடிக்கணினியிலிருந்து மின்சாரம் எடுத்து, அதே கிரவுண்டை, அதாவது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொது இணைப்பைப் பகிர்ந்துகொண்டிருந்தது. அது எப்படி உறுமலை நிறுத்தும்?

குறைந்த செலவில் ஒலிச்சாதனம் வாங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் கணிப்பு. கணினியிலிருந்து காதுவரை நீளும் சங்கிலியில் கோளாறு எந்தக் கண்ணியில் இருக்கிறது என்று பாராமல் வேறொரு கண்ணியை மாற்றிவிடுகிறோம். எனவே பணத்தை எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் சோதனைக்கு ஒதுக்குவது நல்லது. ஸ்பீக்கரைக் கணினியிலிருந்து கழற்றிக் கைபேசியில் செருகிப் பாருங்கள். குறை அப்போதும் இருந்தால் ஸ்பீக்கரையோ அதன் ஒயரையோதான் சந்தேகிக்க வேண்டும். மடிக்கணினியானால் சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். மேசைக்கணினியில், மவுஸை உருட்டும்போதோ பக்கத்தை நகர்த்தும்போதோ ஹெட்போனில் ‘கிர்கிர்’ என்று கேட்டால், பெட்டியின் முன்பக்க ஜாக்கை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் மதர்போர்டோடு (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) சேர்ந்திருக்கும் பச்சை ஜாக்கில் செருகுங்கள். முன்பக்க ஜாக்குக்குப் போகும் மெல்லிய ஒயர் பெட்டியின் உட்புறம் முழுவதும் அலைந்து வருவதால் வழியில் உள்ள இரைச்சலையெல்லாம் சேர்த்துக்கொண்டு வரும்; பலருக்குச் சிக்கல் இத்துடன் தீர்ந்துவிடும். கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனிச் சுவர்ச் சாக்கெட்டுகளிலிருந்து மின்சாரம் போனால், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றிப் பாருங்கள். உறுமலைப் போக்குவதற்காகப் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. உறுமல் போய்விடவும் கூடும். ஆனால் சாதனத்தில் மின்கசிவு ஏற்படும் நாளில் உங்களைக் காப்பாற்ற இருந்த ஒரே ஒயரையும் நீங்களே அறுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

சவுண்ட் கார்டு தனியாக வாங்கியே ஆகவேண்டும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் சரியானதுதான். சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டபோது, சாதாரணக் கணினிக்குப் ‘பீப்’ என்று கத்தும் ஒரு சின்ன ஸ்பீக்கரைத் தவிர வேறு நாதியில்லை. 1997-இல் இன்டெல் ஏசி’97 என்ற தரத்தைக் கொண்டுவந்த பிறகு, மதர்போர்டிலேயே ஒலிச் சில்லு இடம்பெறுவது வழக்கமாகத் தொடங்கியது. அந்தத் தொடக்ககாலச் சில்லுகளின் இரைச்சல்தான் ‘உள்ளே இருப்பது மட்டம்’ என்ற பெயரை வாங்கித் தந்தது. 2004-இல் வந்த ஹெச்டி ஆடியோ தரத்துக்குப் பின் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. 2007-இல் வெளியான விண்டோஸ் விஸ்டா, விளையாட்டுகளின் ஒலிக்கணக்குகளைச் சவுண்ட் கார்டிடம் நேரடியாக ஒப்படைக்கும் பழைய வழியையும் அடைத்துவிட்டது. இன்று சராசரி மதர்போர்டில் உள்ள ரியல்டெக் சில்லு, சிறிய மேசை ஸ்பீக்கர்களின் திறனைவிட மேலானது. ஸ்பீக்கரே குறையாக இருக்கும் இடத்தில் கார்டை மாற்றுவது, கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது வாளியை மாற்றுவது போன்றது.

தனிக் கார்டு தேவைப்படும் நேரங்களும் உண்டு. என் அக்கா மகனின் மடிக்கணினியில் ஹெட்போன் ஜாக் உடைந்து, ஒயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் இரண்டு காதிலும் கேட்கும் என்ற நிலை வந்தபோது, மேலே சொன்ன வீண்செலவுக் கார்டைத்தான் அவனிடம் கொடுத்தேன். அங்கே அது ஒழுங்காக வேலை செய்கிறது. மதர்போர்டின் இரைச்சல் பின்பக்க ஜாக்கிலும் கேட்கிறது என்றால் அப்போதும் யூஎஸ்பி கார்டு உதவும். பாடவோ, வீணை வாசிக்கவோ, பாடம் நடத்தவோ நல்ல மைக்கில் பதிவு செய்ய வேண்டுமானால் சவுண்ட் கார்டை விட்டுவிட்டு, ஒலிப்பதிவுக்கென்றே செய்யப்பட்ட வெளிப்பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் பக்கம் போவதே முறை. மிக மலிவான யூஎஸ்பி கார்டுகளின் அட்டையில் ‘7.1’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். கையில் எடுத்துப் பார்த்தால் ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என இரண்டே துளைகள் இருக்கும். எட்டு ஸ்பீக்கர்களுக்கான ஒலி அந்த ஒற்றை ஸ்டீரியோத் துளையிலிருந்து எங்ஙனம் வெளிவரும் என்று கடைக்காரரைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ‘சாஃப்ட்வேர் சார்’ என்றார். பதில் உண்மைதான். ‘7.1’ என்று விற்கப்படும் மலிவு விலை கேமிங் ஹெட்செட்டுகளிலும் காதுக்கு ஒன்றாக இரண்டே ஒலிப்பான்கள்தான் இருக்கும். மிச்சமெல்லாம் மென்பொருள் காட்டும் பாவனை.

ஸ்பீக்கர் வாங்குவோரை நெடுங்காலமாக ஏமாற்றி வரும் எண் வாட். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘2000 வாட் பிஎம்பிஓ’ என்று இருக்கும். உச்சத் திறன் என்று சொல்லிக்கொள்ளும் அந்த பிஎம்பிஓ என்பதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. நீங்கள் தேட வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிக்கும் ஆர்எம்எஸ் என்ற எண். அதையும் அப்படியே நம்பிவிடாமல் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யூஎஸ்பி 2.0 துளை தருவதற்கு உறுதியளிப்பது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். 3.0 துளையில் 900 மில்லி ஆம்பியர், 4.5 வாட். அந்தத் துளையிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கர் ஜோடி, தொடர்ந்து 10 வாட் ஒலித்திறன் தருவதாகச் சொன்னால், வாங்குவதைவிட அதிகமாகக் கொடுக்கும் அட்சய பாத்திரம் அதற்குள் இருக்க வேண்டும். சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கரானால் அதன் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். உண்மையான ஒலித்திறன் அந்த எண்ணுக்குக் கீழேதான் இருக்க முடியும். தவிரவும், வாட்டுக்கும் காதில் விழும் சத்தத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பது போல் நேரானதன்று. 10 வாட்டை 20 வாட் ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். மேசைக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்குச் சில வாட்டுகளே போதும்.

‘20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை’ என்ற அச்சும் அப்படியே. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் அந்த எல்லை எட்டப்படுகிறது என்று சொல்லாதவரை அதற்குப் பொருள் இல்லை. இரண்டு அங்குல ஒலிப்பானால் ஆழ்ந்த தாழ்சுருதியை எழுப்ப இயலாது. அதைச் சரிக்கட்டத்தான் தாழ்சுருதிக்கென்றே தனிப்பெட்டியான சப்வூஃபரோடு 2.1 (இரண்டு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வாங்குகிறோம், ஆனால் மலிவான சப்வூஃபர்கள் எந்தத் தாழ்சுருதி வந்தாலும் ஒரே ‘தொம்’மில் முடித்துவிடுபவை. இதைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்துவது மிருதங்கத் தனி ஆவர்த்தனம். இடக்கைத் தொப்பியில் வித்வான் கும்கி போடும்போது ஓசை கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஏறுவது தெளிவாகக் கேட்க வேண்டும். ஏற்றம் காணாமல் போய், ஒவ்வோர் அடியும் ஒரே சுருதியில் மொத்தையாக விழுந்தால், அந்த ஸ்பீக்கரை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். என்னைக் கேட்டால், ஒரே விலையில் சப்வூஃபரோடு மூன்று பெட்டிகள் தருவதைவிட, பணம் முழுவதும் இரண்டு பெட்டிகளில் இறங்கியிருக்கும் 2.0 ஜோடியையே எடுப்பேன்.

வாங்கிய ஸ்பீக்கரை வைக்கும் இடத்திலும் பலர் தவறுகிறார்கள். மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் உயர்சுருதி திரையிலேயே மடிந்துவிடும். சுவர் மூலையில் நெருக்கி வைத்தால் தாழ்சுருதி வீங்கும். உங்கள் தலையும் இரண்டு ஸ்பீக்கர்களும் சமபக்க முக்கோணமாக அமையும்படி நகர்த்தி, அடியில் இரண்டு தடித்த புத்தகங்களை வைத்து ஒலிப்பானைக் காது மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஹெட்போனுக்கு வருவோம். இங்கே ஓம் என்ற அலகில் குறிக்கப்படும் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை, பலரைக் குழப்புகிறது. கணினியின் ஜாக் 1 வோல்ட் தருகிறது என்று கொண்டால், 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாட் போய்ச் சேரும். 300 ஓம் ஹெட்போனுக்குச் சுமார் 3 மில்லிவாட்தான். சென்ஹைசர் ஹெச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போன்கள் பயன்படுத்திய நிலையில் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று ஆசைப்பட்டு வாங்கி மடிக்கணினியில் செருகுபவர்கள், சத்தம் போதவில்லை என்று பிறகு ஆம்ப்ளிஃபையர் தேடி அலைவது இதனால்தான். ஆனால் ஓம் குறைவாக இருந்தாலே எளிதாக ஒலிக்கும் என்று எண்ணுவதும் பிழை. உணர்திறன் என்ற மற்றோர் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைச் சிலர் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும், சிலர் ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும் அச்சிடுகிறார்கள். 32 ஓம் ஹெட்போனில் மில்லிவாட்டுக்கு 100 என்பதும் வோல்ட்டுக்கு 115 என்பதும் ஒன்றே. அளவையைப் பாராமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் 115 ஒசத்தி என்று தோன்றிவிடும்.

மைக் உள்ள ஹெட்செட் வாங்கும்போது பிளக்கை உற்றுப் பாருங்கள். உலோக முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் அது கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் உரிய ஒற்றை ஜாக் வகை. மேசைக்கணினியில் பெரும்பாலும் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளைகள். அதில் செருகினால் ஒலி கேட்கும், மைக் ஊமையாக இருக்கும். மைக் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டாகப் பிரிக்கும் சிறிய ஒய் கேபிள் ஒன்று போதும். கணினிக் கூட்டங்களுக்காகவே புளூடூத் ஹெட்செட் வாங்குவோரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான புளூடூத்தில் மைக் இயங்கத் தொடங்கிய கணமே இணைப்பு தொலைபேசி முறைக்கு மாறிவிடுவதால், அதுவரை நன்றாக இருந்த பாட்டு, பழைய எஸ்டிடி பூத்தில் கேட்பது போல ஆகிவிடும். அது சாதனத்தின் பழுது அன்று. பேச்சும் இசையும் ஒருங்கே வேண்டுபவர் அதே விலையில் ஒயர் உள்ள ஹெட்செட்டை எடுப்பதே மேல்.

காற்றாடி இல்லாமல் நம் ஊரில் கணினி முன் உட்கார முடியாது என்பதையும் கணக்கில் சேருங்கள். காதைத் திறந்து விடும் ஓப்பன் பேக் ஹெட்போன் வெக்கைக்கு இதமாக இருக்கும். ஆனால் காற்றாடியின் இரைச்சலும் உள்ளே வரும், அதை அமுக்கச் சத்தத்தைக் கூட்டுவோம். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரம்பு. மூடிய வகையானால் வியர்வை. செயற்கைத் தோல் காதுறைகள் கடலோர ஈரத்திலும் வியர்வையிலும் ஊறி, கறுப்புச் செதில்களாக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டத் தொடங்கும். ஆகவே துணியுறை உள்ளதாகவோ, உறையைத் தனியாக வாங்கி மாற்ற முடிவதாகவோ பாருங்கள். ஒயரும் கழற்றி மாற்றத் தக்கதாக இருந்தால் ஹெட்போனின் ஆயுள் கூடும், ஏனெனில் முதலில் அறுவது பிளக்கை ஒட்டிய அந்த ஓர் அங்குலம்தான்.

ஒலியை எவ்வளவு நுணுக்கமாக எண்களாக்குகிறது என்று காட்டும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்களுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காதின் எல்லையை ஏற்கெனவே கடந்துவிட்டது. தங்க முலாம் பூசிய யூஎஸ்பி ஒயரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கடையில் கேட்டு வாங்குவதானால், உங்களுக்கு மனப்பாடமான இரண்டு பாடல்களைக் கைபேசியில் கொண்டுபோய் அவற்றையே ஒலிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் போட்டுக்காட்டும் பாடல் அந்த ஸ்பீக்கருக்கென்றே பொறுக்கி வைத்ததாக இருக்கும். ரிச்சி தெரு போன்ற சந்தடியில் மெல்லிய இரைச்சலோ உறுமலோ காதுக்குத் தட்டுப்படாது என்பதால், வீட்டுக்கு வந்த அன்றே, இரவில் காற்றாடியை நிறுத்திவிட்டு, பாட்டு எதுவும் இல்லாமல் வெறும் ஸ்பீக்கரை முழு ஒலியளவில் திறந்து கேளுங்கள். பில்லில் மாடல் எண் எழுதப்பட்டிருக்கிறதா, வாரண்டி கடைக்காரருடையதா நிறுவனத்துடையதா என்பதைக் கடையை விட்டு இறங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியை, மாற்றித் தரும் கெடு முடியும்வரை பரண் மேல் போட்டு வையுங்கள்.