மழை இரவுக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி? கிருஷ்ணகிரி, தருமபுரி குடும்பங்களுக்கு

கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் நமக்குப் புயல் என்பது தொலைக்காட்சியில் பார்க்கும் செய்தி என்றுதான் 2024 வரை நானும் நினைத்திருந்தேன். அந்த ஆண்டு நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து உள்ளே நகர்ந்து வந்து, டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் அரூரில் 33 சென்டிமீட்டரும் மழையாகக் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர், ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளைப் புரட்டி இழுத்துச் சென்றது. தண்ணீர் இல்லாத நாளைச் சமாளிக்கத் தெரிந்த நமக்கு, தண்ணீர் வீட்டுக்குள் வரும் இரவைச் சமாளிக்கும் பழக்கம் இல்லை.

கீழே உள்ள படிகளை ஒரே ஒரு கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்: நள்ளிரவில் மின்சாரம் போன பிறகு அந்தப் பொருள் உங்கள் கைக்கு எட்டுமா? எட்டாது என்றால் அது வீட்டில் இருந்தும் பயனில்லை.

படி 1: தண்ணீர் வரும் வழியைக் கேட்டறியுங்கள்

உங்கள் ஊர் ஏரி நிரம்பிக் கோடி போனால் தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்கும் என்று தெருவில் வயதானவர் ஒருவரிடம் கேளுங்கள். மனை போட்ட பிறகு மறைந்துபோன ஓடையின் பழைய தடம் அவருக்குத்தான் நினைவிருக்கும். தென்பெண்ணைக் கரையில் வசிப்பவர்கள், உள்ளூரில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும், ஆறு கர்நாடகத்தின் நந்தி மலையில் தொடங்குகிறது என்பதையும், அங்கு பெய்யும் மழை கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைகள் வழியாக இறங்கி வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒகேனக்கல் பக்கம் காவிரிக்கும் இதே நியாயம்தான். மேடான இடத்தில் உள்ள உறவினர் வீடு, பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம் ஆகியவற்றில் ஒன்றை இன்றே முடிவு செய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

படி 2: ஆரஞ்சு என்றதும் தொடங்குங்கள்

வானிலை ஆய்வு மையத்தின் மஞ்சள் எச்சரிக்கை கவனித்திருக்கச் சொல்வது; ஆரஞ்சு தயாராகச் சொல்வது; சிவப்பு உடனே செயல்படச் சொல்வது. சிவப்பு வந்த பிறகு மூட்டை கட்டத் தொடங்குவது தாமதம். ஒரே நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழை என்பார்கள். ஊத்தங்கரையில் பெய்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906: இவற்றைக் கைபேசியில் மட்டும் வைக்காமல், ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

படி 3: பத்திரங்களைப் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுங்கள்

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பட்டு அறிந்தது. எங்கள் வீட்டில் நிலப் பத்திரம், பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் பீரோவின் அடித்தட்டில், துணிப்பையில் இருந்தன. தண்ணீர் முழங்கால் அளவுகூட ஏறவில்லை. ஆனால் அடித்தட்டு நனைய அது போதுமானதாக இருந்தது. ஒட்டிப்போன தாள்களைப் பிரிக்கப் பார்த்தபோது முத்திரையின் நீல மை எதிர்த்தாளில் படிந்துவிட்டது. பிறகுதான் தெரிந்துகொண்டேன், ஈரத்தோடு பிரிக்கவும் கூடாது, வெயிலில் காய வைக்கவும் கூடாது. பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, ஈரம் ஊறிய தாளை மாற்றி மாற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும்.

அந்த வேலை உங்களுக்கு வேண்டாம். ஆதார், குடும்ப அட்டை, பட்டா, பத்திரம், வங்கிப் புத்தகம், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஜிப் வைத்த கெட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னொரு உறையில் போட்டு, பரண் மேல் அல்லாமல் தோள் உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள். பரணுக்கு இருட்டில் ஏணி தேட வேண்டியிருக்கும். படம் எடுத்து வெளியூரில் உள்ள ஒருவருக்கும் அனுப்பி வைக்கலாம்.

படி 4: வெள்ளத்துக்கு முன் குடிநீரைப் பிடியுங்கள்

மின்சாரம் நின்றால் போர் மோட்டார் ஓடாது. நீரேற்றி வரும் ஒகேனக்கல் தண்ணீரும் நிற்கலாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் இரண்டரை. சம்ப்பில், அதாவது தரைக்கு அடியில் உள்ள தொட்டியில், வெள்ளநீர் கலந்துவிட்டால் அதைக் கழுவிக் குளோரின் போடும்வரை குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு கொதித்தாலும் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தியாகும். ஆகவே குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைத்தான் முதலில் பிடித்து மூடி வைக்க வேண்டும்.

உணவில் அதிகம் யோசிக்க வேண்டாம். களி கிண்ட அடுப்பு வேண்டும். அவலுக்கும் பொரிக்கும் வேண்டாம். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒரு வாரத்துக்கான சர்க்கரை நோய், இரத்த அழுத்த மாத்திரைகள் போதும்.

படி 5: மெயின் ஸ்விட்சும் இன்வெர்ட்டரும்

தண்ணீர் வாசல்படியைத் தொடும் முன்பே மெயினை அணைத்துவிடுங்கள். பலரும் மறப்பது இன்வெர்ட்டரை: மெயின் அணைந்த பிறகும் அது வீட்டுக்குள் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருக்கும், ஆகவே அதையும் தனியாக அணைக்க வேண்டும். ஏற்கெனவே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், மின்வாரியத்தை அழையுங்கள். சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டுவிடுங்கள்.

படி 6: மாடும் பாம்பும்

கிளம்பும்போது மாட்டையும் ஆட்டையும் மேட்டுக்கு ஓட்டிச் செல்ல முடியாவிட்டால், கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள். கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்கு நீந்தவும் வழியில்லை. திரும்பி வந்ததும் செருப்போடு, டார்ச்சோடு, கம்பால் தட்டிக்கொண்டே உள்ளே நுழையுங்கள், ஏனெனில் பாம்புக்கும் வேண்டியது உலர்ந்த இடம்தான். கடித்துவிட்டால் இறுகக் கட்டுவதோ, கீறுவதோ, மந்திரிக்க அழைத்துப் போவதோ வேண்டாம். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து 108-இல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். வழியில் ஓடும் தண்ணீர் குறுக்கிட்டால் இறங்க வேண்டாம். ஒரு சாண் ஆழத்திலேயே வேகமான நீர் ஆளின் காலை வாரிவிடும்.

படி 7: விளக்கை அணைத்துப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, பத்திரப் பை, மருந்துப் பை, டார்ச், தண்ணீர் ஆகியவற்றோடு பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும்படி வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள். நாங்கள் முதல் முறை செய்தபோது ஆறு நிமிடத்தில் எல்லாப் பையும் வாசலுக்கு வந்துவிட்டன. கிரில் கேட்டின் சாவி மட்டும் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது அது பத்திர உறை தொங்கும் அதே ஆணியில், சிவப்பு நாடா கட்டித் தொங்குகிறது.