ஜன்னல் இல்லாத அறைக்குப் பகல் வெளிச்சம்

சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் நடு அறைக்கு ஜன்னலே இருக்காது. எட்டுக்குப் பத்தடி அறையென்றால் 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் இரண்டு போதும்: 6500 கெல்வின் (பகல் போன்ற வெள்ளை நிறம்), தலா 2000 லூமென் (விளக்கு தரும் மொத்த வெளிச்சம்). சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90 கிடைத்தால் விடாதீர்கள். குறைந்தால் காசிமேட்டில் வாங்கிவந்த மீனின் செவுள் சிவப்பா பழுப்பா என்றே தெரியாது.

இரண்டையும் நீங்கள் உட்காரும் இடத்துக்கு எதிர்ச்சுவரில், ஆறடி உயரத்தில் மாட்டுங்கள். எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்று தீர்மானிக்கும் உடல் கடிகாரத்தை நகர்த்துவது கண்ணுக்குள் போகும் வெளிச்சம்தான், தரையில் விழுவது அல்ல. சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளை அடியுங்கள். போன் கேமராவில் கோடு கோடாக ஓடினால் டிரைவர் (விளக்குக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் பாகம்) மட்டம். தலைவலி வரலாம், உடனே மாற்றுங்கள்.

எழுந்ததும் போடுங்கள். மாலை ஏழுக்கு அணைத்து, மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் 7 வாட் பல்புக்கு மாறுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: பதினொரு மணிவரை வெள்ளை டியூப் எரியும், தூக்கம் தள்ளிப்போகும்.

இத்தனை செய்தும் கண்மட்டத்தில் சில நூறு லக்ஸ்தான் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). மொட்டைமாடி நிழலிலேயே பல ஆயிரம் இருக்கும். காலையில் இருபது நிமிடம் மேலே போய் நில்லுங்கள். 10,000 லக்ஸ் சிகிச்சை விளக்கு வேண்டுமென்றால், விழித்திரைக் கோளாறோ இருதுருவ மனநோயோ (பைபோலார்) உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.