குழந்தையின் உறக்கமும் எடையும்: ஒப்பிடும் முன் ஒரு குறிப்பேடு

கைக்குழந்தையுடைய பெற்றோர் சந்தித்துக்கொண்டால், "உங்கள் குழந்தை இரவில் உறங்குகிறதா?" என்ற கேள்வி தவறாமல் எழும், ஆறுதலுக்காகத் தொடங்கும் அந்தப் பேச்சு ஒப்பீடாக மாறிக் கவலையில் முடிவதும் உண்டு. அதற்குப் பதிலாக, ஒரு வாரம் மட்டும் குழந்தை உறங்கிய நேரம், பால் குடித்த வேளைகள், நனைத்த துணிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். முதல் 3 மாதங்களில் நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரமும், 4 முதல் 11 மாதங்களில் பகல் உறக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரமும் உறங்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது துண்டு துண்டாக அமைவது இயல்பே.

பிறந்த சில நாள்களில் சற்றுக் குறைந்து, பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் மீளும் எடையை, அடுத்த குழந்தையோடு அல்லாமல், வளர்ச்சி வரைபடத்தில் அதே குழந்தையின் முந்தைய புள்ளிகளோடுதான் ஒப்பிட வேண்டும். கோடு தொடர்ந்து சரிந்தாலோ, பாலுக்கு எழுப்பியும் எழாமல் குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, நண்பர்களைக் கேட்டுக்கொண்டிராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். குப்புறப் படுக்கவைத்தால் நன்றாக உறங்கும் என்று யார் எவ்வளவு அன்போடு சொன்னாலும் ஏற்க வேண்டாம். முதல் ஓராண்டு முழுவதும், தலையணை இல்லாத உறுதியான சமதளப் படுக்கையில் மல்லாந்து படுக்கவைப்பதே பாதுகாப்பானது.