கனகாம்பரம் வாடினால் முதலில் வேரைப் பாருங்கள்

மண் ஈரமாக இருக்கும்போதே கனகாம்பரம் உச்சிவெயிலில் துவண்டு, சாயங்காலமும் நிமிரவில்லை என்றால் அது தாகம் இல்லை. அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் செடியைச் சீக்கிரம் சாகடிக்கும். வாடியதில் மோசமான ஒரு செடியை மண்வெட்டியால் அடிமண்ணோடு கெல்லி எடுத்து, வாளித் தண்ணீரில் வேரை அலசுங்கள். கையால் பிடுங்கினால் பார்க்க வேண்டிய சல்லிவேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும்.

வேர் கறுத்து, இரண்டு விரலால் உருவினால் தோல் உறைபோலக் கழன்று வந்தால் வேரழுகல். பூஞ்சாணத்தின் வேலை, ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கட்டிய பாத்தியில்தான் அதிகம். அந்தச் செடி தேறாது. எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். பக்கத்துச் செடிகளுக்கு லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பாக்டீரியா) தூளைக் கரைத்து, தூருக்கு அரை லிட்டர் ஊற்றலாம். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் அரையடி உயர மேட்டுப்பாத்தி இல்லாமல் நடவே கூடாது.

திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில், அதாவது செம்மணல் மேட்டில், தண்ணீர் நிற்காது. அங்கே நூற்புழுவைத்தான், அதாவது வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழுவைத்தான், முதலில் சந்தேகப்பட வேண்டும். வேரில் கடுகு, மிளகு அளவில் முடிச்சு முடிச்சாக இருக்கும். நிலக்கடலை வேரில் இருக்கும் முடிச்சு தேய்த்தால் உதிர்ந்துவிடும். இது வேரே வீங்கியது, உதிராது. லேசாகத் தாக்கிய செடிக்குத் தூருக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கி, மேல்மண்ணைக் கிளறிப் போட்டுத் தண்ணீர் விடுங்கள். முற்றியிருந்தால் பாத்தியை மாற்றுவதுதான் வழி. பழைய இடத்தில் கத்தரி, தக்காளி, வெண்டை வைத்தால் புழுவுக்குத் தீனி போட்டதாகும். புழுவை ஒடுக்க ஒரு பருவம் முழுக்கக் கேந்தியை (செண்டுமல்லி) நெருக்கமாக நடுங்கள். ஓரத்தில் நாலு கேந்தி வைத்தால் போதும் என்பதெல்லாம் மன ஆறுதல்.

வேர் சுத்தமாக இருந்து இலை மட்டும் மஞ்சளானால், எந்த இலை என்று பாருங்கள். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. மக்கிய சாணம் போடுங்கள். கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. சுக்கான் (சுண்ணாம்புக்கல்) கலந்த மண், ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் இரண்டிலும் இது சாதாரணம். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அதனால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள்; 15 நாள் கழித்து இன்னொரு தடவை. கரைத்த உடனே தெளிக்க வேண்டும். துருநிறமாகிவிட்டால் கொட்டிவிடுங்கள், பலனில்லை.

பூ குறைவதற்குப் பெரும்பாலும் நிழல்தான் காரணம். கதிர் பூத்து முடிந்ததும் காம்போடு நறுக்கிவிட்டால் பக்கக்கிளை வரும்.

டெல்லி கனகாம்பரம் என்ற ரகம் விதை பிடிக்காது. பதியன் குச்சிதான் வழி என்பதால் தாய்ச்செடியின் நோயும் கூடவே வரலாம். குச்சி வெட்டும் பாத்தியிலும் ஒரு செடியைக் கெல்லி வேரைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். சாதா ரகத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டால் காய் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும், அதற்குமுன் துணிப்பையைக் கட்டிவிட்டால் போதும்.